காலை ஐந்து மணிக்கு எழாமலிருப்பது எப்படி?

ஐந்து மணிக்கு எழுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. புத்தகக் கண்காட்சியில் அதற்கென்றே ஒரு மேஜை போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாழ்க்கையில் ஜெயித்தவர்கள் எல்லாரும் பிரம்ம முகூர்த்தத்தில் விழித்தவர்களே என்று பேச்சாளர்கள் மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். மூன்றரைக்கே விழித்து வீடுவீடாகப் பால் பாக்கெட் போடுகிறவரை அந்த வெற்றி ஏன் இன்னும் தேடி வரவில்லை என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. போகட்டும்.

ஐந்து மணிக்கு எழாதவர்கள்தான் இங்கே பெரும்பான்மை. அவர்களுக்கு உருப்படியான கையேடு ஒன்றுகூட இல்லை. ஒருநாள் இரண்டுநாள் எழாமல் போவது யாருக்கும் வாய்க்கும், அது வெறும் அதிர்ஷ்டம். நெஞ்சு நிறைய வைராக்கியத்தோடு படுத்து, தினமும், தவறாமல் எழாமலிருப்பதற்கு முறையான பயிற்சி வேண்டும். அதற்கான வழிகள் கீழே.

கழித்தல் கணக்கு கூடாது

வயது வந்தவருக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை 2015இல் வல்லுநர்களைக் கூட்டிவைத்து அறிவித்தது. பதின்வயதினருக்கு 8 முதல் 10. பள்ளிக்கூடம் போகும் சின்னப் பிள்ளைகளுக்கு 9 முதல் 11. ஐந்து மணிக்கு எழ நினைப்பவர் இதில் ஆகக் குறைந்த 7ஐ எடுத்துக் கழித்துப் பார்த்தால் விடை இரவு பத்து மணி என்று வரும். பத்து மணிக்குப் படுக்கையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தால் போதாது, தூங்கிப்போயிருக்க வேண்டும். ஆகவே இந்தக் கழித்தலைச் செய்யவே செய்யாதீர்கள். ஐந்து என்ற எண்ணை மட்டும் மனதில் வையுங்கள். எத்தனை மணிக்குப் படுப்பது என்ற பேச்சு வந்தால் எழுந்து போய்விடுங்கள்.

யாராவது விடாமல் கேட்டால், "எனக்கெல்லாம் அஞ்சு மணி நேரம் போதும்" என்று சொல்லிவிடலாம். இதற்கு அறிவியல் ஆதாரம்கூட உண்டு. கலிபோர்னியாவில் யிங்-ஹுய் ஃபூ என்பவரின் குழு 2009இல் ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்தது. அந்த வீட்டில் தாயும் மகளும் ஒரு மரபணு மாற்றத்தால் ஆறு மணி நேரம் சொச்சம் மட்டுமே தூங்கி, பகலெல்லாம் தெம்பாக இருந்தார்கள். மிகமிக அபூர்வமான மாற்றம் அது. ஆனால் நம் அலுவலகங்களில் பிரிவுக்கு நாலு பேர் தங்களுக்கும் அது இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மூன்று மணி மீட்டிங்கில் வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிலரை 14 நாள் தினம் 4 மணி நேரமும், வேறு சிலரை 6 மணி நேரமும் மட்டும் படுக்க விட்டுச் சோதித்தார்கள். 2003இல் முடிவு வெளியானது. இரண்டு வாரம் முடிவதற்குள் அவர்களுடைய கவனம் ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்கள் அளவுக்குச் சரிந்துவிட்டது. இதில் நமக்கு அனுகூலமான செய்தி என்னவென்றால், அந்தச் சரிவு அவர்களுக்கே தெரியவில்லை. கொஞ்சம் அசதி, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனவே நீங்களும் நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

தாத்தாவை மேற்கோள் காட்டுவதும் நல்ல பலன் தரும். "எங்க தாத்தா நாலரைக்கெல்லாம் எழுந்து வயலுக்குப் போயிடுவாரு." சபையே தலையாட்டும். அந்தத் தாத்தா இருட்டியதும் சாப்பிட்டு எட்டரைக்குள் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துவிட்டார் என்பதையும், மதியம் திண்ணையில் துண்டை விரித்து ஒரு மணி நேரம் குறட்டை விட்டார் என்பதையும் சொல்லிவிடாதீர்கள். கூட்டிப் பார்த்தால் அவர் உங்களைவிட அதிகம் தூங்கிய மனிதர். அவருடைய நாலரையை மட்டும் எடுத்துக்கொண்டு எட்டரையை விட்டுவிடுவதில்தான் நம் கலையே இருக்கிறது.

வள்ளுவரைக் கொண்டுவருபவர்களும் உண்டு. மடியின்மை அதிகாரத்தில் அவர் தூக்கத்தை, கெட்டுப்போகிறவர்கள் ஆசையாக ஏறும் மரக்கலங்களில் ஒன்று என்றது உண்மைதான். பதிலுக்கு நீங்கள் 339ஆம் குறளை எடுத்து நீட்டுங்கள். தூங்கி விழிப்பது பிறப்பு மாதிரி என்றவரும் அவரேதான். தினமும் காலையில் ஒரு பிரசவம் என்றால் கொஞ்சம் நேரம் பிடிக்கத்தானே செய்யும்?

முந்தைய நாள் ஏற்பாடுகள்

விடிகாலை ஐந்து மணிக்கு எழாமலிருப்பதற்கான வேலைகளை முந்தைய நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே தொடங்கிவிட வேண்டும். முதல் வேலை, காபி. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது ஏற ஏறக் கண்ணைச் சொருகும். காபியில் இருக்கும் காஃபீன் அந்த அடினோசினை விரட்டுவதில்லை. கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட் பிடிக்கிற ஆள் மாதிரி, அது உட்கார வேண்டிய இடத்தில் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆறரைக்குக் குடித்த டிகிரி காபியில் பாதி இரவு பதினொன்றரைக்கும் உள்ளே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். டிக்காஷன் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உத்தமம்.

அடுத்து கிரிக்கெட். ஐபிஎல் நடக்கும் மாதங்களில் இந்தக் கையேட்டின் பாதிப் பக்கங்கள் தேவையில்லை. ஏழரைக்கு ஆரம்பிக்கும் ஆட்டம் முடியப் பதினொன்றரை ஆகிவிடும். தோற்றால் தோற்றதற்கு யார் காரணம் என்று விவாதிக்க இன்னும் அரை மணி. ஜெயித்தால் அதே ஆட்டத்தின் சுருக்கத்தை மறுபடி பார்க்க இன்னும் அரை மணி. நடுவில் பசித்தால் தெருமுனையில் கொத்து பரோட்டா தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது, போய்வரலாம்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு படுக்க வேண்டும். விளக்கை அணைப்பது முக்கியம். அணைத்தால்தான் நாம் தூங்கத் தயாராகிவிட்டோம் என்று நமக்கே நம்பிக்கை வரும். விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குத் தகவல் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. நீல நிற வெளிச்சம் பட்டால் அவை பகல் என்று தகவல் அனுப்பும். மூளையும் அதை நம்பி, இருட்டின் அடையாளமாகச் சுரக்க வேண்டிய மெலடோனினைக் குறைத்துக்கொள்ளும். திரையின் வெளிச்சத்தைவிட அதில் ஓடுவதுதான் ஆளைப் பிடித்து உட்கார வைக்கிறது என்பது என் கட்சி. ஒரு வடிவேலு காமெடி, அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே, பார்த்தே பல வருஷமான ஒரு பள்ளித் தோழன் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசம். பன்னிரண்டேமுக்காலுக்கு அந்த வீட்டின் மாடுலர் கிச்சனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஐந்து மணி பற்றி எந்தப் பயமும் வேண்டாம்.

அலாரம்

அலாரம் கட்டாயம் வைக்க வேண்டும். வைக்காமல் எழாதிருப்பது வெறும் தூக்கம். வைத்துவிட்டு எழாதிருப்பதுதான் சாதனை.

விரும்பிய நேரத்துக்கு வைத்துக்கொள்ளும் அலாரக் கடிகாரத்துக்கு பிரான்சில் அந்துவான் ரெதியே என்பவர் 1847இல் காப்புரிமை வாங்கினார். அதைச் சமாளிக்க வழியில்லாமல் மனிதகுலம் நூறு வருஷத்துக்கு மேல் தவித்தது. கடைசியில் 1956இல் ஜெனரல் எலக்ட்ரிக்-டெலிக்ரான் நிறுவனம் ஸ்னூஸ் வசதியுள்ள கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த மகானுபாவர்களை நினைத்துக்கொண்டு ஐந்து, ஐந்து ஐந்து, ஐந்து பத்து, ஐந்தேகால் என்று வரிசையாக வையுங்கள். முதல் அலாரத்துக்கு எழத் தேவையில்லை என்ற நிம்மதி அப்போதுதான் கிடைக்கும். கடைசி அலாரத்தை அணைக்கும்போது நீங்கள் அணைத்ததே நினைவில் இருக்கக் கூடாது. அந்த நிலை கைகூடக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

ஐந்து மணித் தூக்கம் இவ்வளவு இனிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உடம்பின் உள்வெப்பம் இரவெல்லாம் இறங்கிக்கொண்டே வந்து, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் அடிமட்டத்தைத் தொடும். ஏழு மணிக்கு எழுந்து பழகியவருக்கு அது சரியாக ஐந்து மணி. விழிப்பதற்கு ஒரு நாளிலேயே ஆக மோசமான நேரத்தைத்தான் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பிடுங்கி எழுப்பப்பட்டால் மூளை கால் மணி முதல் அரை மணி நேரம் வரை, சில சமயம் அதற்கு மேலும், மந்தமாகவே இருக்கும். அந்த நேரத்தில் "இட்லியா தோசையா" என்ற கேள்விக்குக்கூடப் பதில் சொல்ல வேண்டாம். வாக்குறுதி எதுவும் கொடுக்க வேண்டாம்.

ஸ்னூஸ் போடுவது கெடுதல் என்று வீட்டில் யாராவது பேசினால், ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். வழக்கமாக ஸ்னூஸ் போடுகிறவர்களுக்கு அந்த அரை மணி நேரத்தால் பெரிய பாதகமில்லை, விழித்ததும் சில சோதனைகளைக் கொஞ்சம் நன்றாகவே செய்தார்கள் என்கிறது அது. பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். ஒன்றரை மணி நேர ஸ்னூஸைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆள் வந்து எழுப்பினால்

கடிகாரத்தை ஜெயித்துவிடலாம். அம்மாவை ஜெயிப்பது கடினம்.

தமிழ்நாட்டு அம்மாக்களுக்கென்று தனி நேரம் உண்டு, இந்திய நேரத்தைவிட முக்கால் மணி முன்னால் ஓடுவது. ஐந்து இருபதுக்கு, "மணி ஆறாகப் போகுது, இன்னும் என்னடா தூக்கம்" என்பார்கள். ஆறேகாலுக்கு, "ஏழு மணி ஆச்சு, வெயில் மூஞ்சியில அடிக்குது." அனுபவமுள்ள பிள்ளை கண்ணைத் திறக்காமலே முக்கால் மணியைக் கழித்துக்கொள்வான். மூளை அந்த நேரத்தில் செய்யக்கூடிய ஒரே கணக்கு இதுதான்.

இதற்குப் பணியாதவர்களுக்கு அடுத்த ஆயுதம், ஃபேனை அணைப்பது. மே மாதத்துச் சென்னையில் இதைத் தாக்குப்பிடித்துத் தூங்குபவர் யோகி. அணைத்த கையோடு அவர்கள் அறையை விட்டுப் போய்விடுவதால் சண்டை போடவும் ஆள் இருக்காது. ஏசி இருக்கும் வீடுகளில் ரிமோட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கலாம். மூன்றாவது ஆயுதம் எதிர்வீட்டுப் பையன். "அவன் நாலு மணிக்கே எழுந்து படிக்கிறான், லைட் எரியுது பாரு." எதிர்வீட்டில் அதே நேரத்தில் உங்கள் பெயரைச் சொல்லி அவனை எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து, புரண்டு படுங்கள்.

எழுப்புகிறவரை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த பாடநூல் திருப்பாவை. ஆறாம் பாசுரத்திலிருந்து பதினைந்தாம் பாசுரம் வரை ஆண்டாள் வாசல் வாசலாகப் போய்த் தோழிகளை எழுப்புகிறாள். பறவை கத்திவிட்டது, சங்கு ஊதிவிட்டது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஆதாரம் காட்டவேண்டியிருக்கிறது. ஒருத்தியிடம், கும்பகருணன் உன்னிடம் தோற்றுப்போய்த் தன் தூக்கத்தையும் உன்னிடமே கொடுத்துவிட்டானா என்று கேட்கிற அளவுக்குப் பொறுமை போய்விடுகிறது. நமக்குப் பயன்படுவது பதினைந்தாம் பாசுரத்துப் பெண். படுத்தபடியே, இப்படிக் கூச்சல் போடாதீர்கள், இதோ வருகிறேன் என்கிறாள். வரவில்லை. வெளியே இருப்பவர்கள் உன் வாய்ப்பேச்சு எங்களுக்குத் தெரியாதா என்று இடிக்கிறார்கள். சரி, நான்தான் வாயாடி என்று ஒப்புக்கொள்கிறாள். அப்போதும் வரவில்லை. கடைசியாக ஒரு கேள்வி கேட்கிறாள், எல்லாரும் வந்தாயிற்றா? நீயே வந்து எண்ணிக்கொள் என்று பதில் வருகிறது. கோபப்படாமல், எதிர்க்காமல், குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒரு கேள்வி போட்டு இன்னும் நாலு நிமிஷம் சம்பாதிப்பது எப்படி என்று அவளிடம்தான் படிக்க வேண்டும். "வரேம்மா, அப்பா குளிச்சிட்டாரா?" என்பது அந்த மரபில் வந்த வாக்கியம்.

கும்பகருணனையே எடுத்துக்கொள்ளுங்கள். வால்மீகியின் கதையில் அவனை எழுப்ப முரசு அடித்தார்கள், சங்கு ஊதினார்கள், கடைசியில் ஆயிரம் யானைகளை மேலே ஓடவிட்டார்கள். எழுந்தான், சாப்பிட்டான், போருக்குப் போனான், திரும்பி வரவில்லை. சோம்பேறிகளுக்கு உதாரணமாக அவனைக் காட்டும் வாத்தியார்கள், எழுந்ததால் அவனுக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்வதே இல்லை.

ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் இந்தக் கையேட்டில் மாற்று மருந்து கிடையாது. "என்னங்க, தண்ணி லாரி வந்துடுச்சு." ஏழெட்டு அலாரத்துக்கு அசையாதவர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு இரண்டு குடத்தோடு படியிறங்குவதைச் சென்னையில் கோடைக்குக் கோடை பார்க்கலாம். தூங்கும்போதும் மூளை காதை முழுக்க மூடிவிடுவதில்லை. எது நமக்கு வேண்டிய சத்தம் என்று சலித்துக்கொண்டேதான் இருக்கிறது. மற்றவர் பெயர்களுக்கு அசையாத மூளை, தன் சொந்தப் பெயர் ஒலித்தால் தூக்கத்திலும் சலனம் காட்டுகிறது என்பதை பிரிட்டனில் 1960லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆகவே உங்கள் பெயரையோ லாரி ஹாரனையோ அலாரமாக வைத்துவிடாதீர்கள். பிடித்த இளையராஜா பாட்டை வையுங்கள். முதல் வாரம் கனவில் அதற்கு நீங்களே ஆடுவீர்கள். அதற்குப் பிறகு மூளை அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது.

ஞாயிற்றுக்கிழமை

வாரம் முழுக்க இரண்டு மணி நேரம் குறைத்துத் தூங்கியவர் ஞாயிற்றுக்கிழமை பதினொன்று வரை தூங்க வேண்டும். மனித உடம்பின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிஷங்கள் கூடுதலாகவே ஓடுகிறது என்று ஹார்வர்டைச் சேர்ந்த சார்ல்ஸ் சைஸ்லரின் குழு 1999இல் அளந்து சொன்னது. தினமும் காலை வெளிச்சம்தான் அதைச் சரிசெய்கிறது. ஆகையால் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தாலே போதும், கடிகாரம் தானாகப் பின்னால் நழுவிவிடும். திங்கட்கிழமை காலை உங்களுக்கு வேறு நாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியது போலிருக்கும். ஜெர்மனியின் டில் ரோனபெர்க் குழுவினர் 2006இல் இதற்குச் சமூக ஜெட்லாக் என்றே பெயர் வைத்தார்கள். விமான டிக்கெட் செலவு மிச்சம்.

விளையாட்டாகப் பேச முடியாத ஒரு விஷயம் குறுக்கே வருகிறது. பருவ வயதில் இந்தக் கடிகாரம் இன்னும் பின்னால் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குப் படு என்றால் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் வராமலிருப்பது திமிரல்ல, உடம்பு. கலிபோர்னியாவில் 2019இல் சட்டமே போட்டு, 2022 ஜூலையிலிருந்து பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று ஆக்கினார்கள். நம் ஊரில் பிளஸ் டூ பிள்ளைக்கு ஐந்தரைக்கு டியூஷன், ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி பதினொன்று வரை நீட் கோச்சிங்கின் கேள்வித்தாள். படித்தது மனதில் பதிவதில் பெரும்பங்கு தூக்கத்தில் நடக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு, "எவ்ளோ படிச்சாலும் நிக்கவே மாட்டேங்குது சார்" என்று பெற்றோர் வந்து நிற்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கையேடு வேண்டாம். அவர்களை எழுப்பும் பெரியவர்களிடம் யாராவது இதைக் கொடுத்தால் நல்லது.

இன்னொருவருக்கும் இது பொருந்தாது. எட்டு மணி நேரம் முழுசாகத் தூங்கியும் எழ முடியவில்லை, பகலில் பைக் ஓட்டும்போதே கண் சொக்குகிறது, ராத்திரி குறட்டை நடுவில் நின்று மூச்சு திணறுகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றால், அது சோம்பேறித்தனமல்ல. டாக்டரைப் பாருங்கள்.

விபத்தாக விழித்துவிட்டால்

எல்லா வழிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் என்றாவது ஐந்து மணிக்கு முழிப்பு வந்துவிடக்கூடும். பெரும்பாலும் முந்தைய இரவு கரண்ட் போய், போனில் சார்ஜும் போய், வேறு வழியில்லாமல் ஒன்பதரைக்குத் தூங்கியிருப்பீர்கள். பதற வேண்டாம். சமையலறைப் பக்கம் போகாதீர்கள், வந்தது வந்தாய் பால் காய்ச்சு என்பார்கள். வாசலுக்கும் போகாதீர்கள், கோலம் போடுகிற எதிர்வீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்து, "தம்பி ஊருக்குக் கிளம்பறீங்களா?" என்று கேட்பார். முக்கியமாக, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லிவிடாதீர்கள். நாலே முக்காலிலிருந்து அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியப்பா, "நல்லதாப் போச்சுப்பா, செருப்பைப் போட்டுக்கிட்டு பூங்கா வாசலுக்கு வந்துடு, நாளையிலிருந்து தினம் நானே போன் பண்ணி எழுப்பறேன்" என்று உடனே பதில் போடுவார். பெரியப்பாவுக்கு ஸ்னூஸ் பொத்தான் கிடையாது.